மொட்டை மாடியில் கற்ற 'ஜம்ப் த கன்': நான் போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பு

கடந்த ஜூன் முதல் செப்டம்பர் வரை 14 ஞாயிற்றுக்கிழமைகள் நான் போய்வந்த ஒரு இங்கிலீஷ் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். திருப்பூரில், பி.என். ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடி வீட்டில் நடக்கிறது. வெளியே போர்டு கிடையாது. நடத்துகிறவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் எங்கும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் 'சார்' என்றே எழுதுகிறேன். எல்லா வகுப்புக்கும் சேர்த்து 2,500 ரூபாய். முதல் இரண்டு வாரம் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடித்தால் கொடுத்தால் போதும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒன்பது வருடமாக இதே வேலைதான். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் மெயிலைப் படித்து, சாம்பிள் ரூம், டையிங், கட்டிங், பேக்கிங் என்று ஒவ்வொரு இடத்துக்கும் சேதி சொல்ல வேண்டும். அங்கே நடப்பதைத் திரும்பப் பையருக்கு எழுத வேண்டும். நாள் முழுக்க இங்கிலீஷிலேயே ஓடுகிற பிழைப்பு. இலக்கணத் தப்பில்லாமல் எழுதுவேன். வீடியோ காலில் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேன். அப்படியிருந்தும் வகுப்புக்குப் போனதற்குக் காரணம் ஒரே ஒரு மெயில்.

சென்ற வருடம் ஏப்ரலில் ஒரு நேவி ப்ளூ டி-ஷர்ட் ஆர்டர். லேப் டிப் மூன்று அனுப்பியிருந்தோம்: ஏ, பி, சி. துணித்தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன், மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சின்னத் துண்டில் அந்த நிறத்தைப் போட்டுக் காட்டி, 'இது சரி' என்று பையர் எழுத்தில் சொன்ன பிறகுதான் பல்க் டையிங் போக வேண்டும். லண்டன் ஆபீஸில் எங்களோடு பேசுகிற பெண்ணிடமிருந்து வெள்ளிக்கிழமை சாயந்திரம் பதில் வந்தது. "ஐ டோன்ட் வான்ட் டு ஜம்ப் த கன், பட் ஆப்ஷன் பி இஸ் லுக்கிங் ரியலி குட்."

அதே நேரம் டையிங் மாஸ்டர் போனில் இருந்தார். "ஏனுங்க அக்கா, சாஃப்ட் ஃப்ளோ மெஷின் காலியா இருக்குதுங்க. இன்னிக்கு நைட்டு லோடு ஏத்திரட்டுங்களா? விட்டா செவ்வாய்க்கிழமைதானுங்க." நான் போனில் இருந்த டிக்‌ஷனரி ஆப்பில் 'ஜம்ப் த கன்' என்று போட்டுப் பார்த்தேன். 'அவசரப்படுதல்' என்று ஒரே வார்த்தையில் பொருள் வந்தது. சரி, 'எனக்கு அவசரமில்லை, ஆனால் பி நன்றாக இருக்கிறது' என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்றால் ஓகேதானே. "ஏத்திருங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். 380 கிலோ சிங்கிள் ஜெர்ஸி, டி-ஷர்ட் தைக்கிற பின்னல் துணி. சனிக்கிழமை காலையில் துணி நேவியாக வெளியே வந்தது.

திங்கட்கிழமை அவர்களுடைய கலர் டீம் லேப் டிப்பை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டி65 என்பது பகல் வெளிச்சத்துக்கான விளக்கு. அதில் அவர்கள் கேட்ட நிறத்தோடு ஒத்துப்போயிருக்கிறது. டிஎல்84 என்பது ஐரோப்பியக் கடைகளில் இருக்கும் குழல்விளக்கு வெளிச்சத்துக்கானது. அதன் கீழே நேவி சிவப்படித்திருக்கிறது. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிகிற இந்தக் கோளாறுக்கு மெட்டாமெரிசம் என்று பெயர். மூன்று ஆப்ஷனும் ரிஜெக்ட், புதிதாக அனுப்புங்கள் என்று மெயில். பல்க் ஏற்கெனவே ஓடிவிட்டது என்று நான் எழுதியதற்கு அந்தப் பெண், "வி மே ஹேவ் ஜம்ப்ட் த கன் ஹியர்" என்று எழுதினார். 'வி' என்றதும் தங்கள் பக்கம் தப்பு என்று ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்து, "இட்ஸ் ஓகே, நோ ப்ராப்ளம்" என்று பதில் போட்டேன். அரைமணி நேரத்தில் எம்.டி. சார் கூப்பிட்டார். அந்தப் பதில் மெயிலை அவருக்கு அனுப்பி, இவர்களுக்கு நிலைமை புரிகிறதா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

துணியைக் கறுப்பாகத் திரும்பச் சாயம் ஏற்றி வேறு ஆர்டருக்குப் போட்டோம். புது லேப் டிப், புது யார்ன், 11 நாள் தாமதம். கொஞ்சம் சரக்கு கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனது. எம்.டி. சார் திட்டவில்லை. "உனக்கு இங்கிலீஷ் தெரியும்னுதானம்மா நாங்க எல்லாரும் நினைச்சிட்டிருக்கோம்" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் ஒரு பெரிய கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். ஏசி ரூம், ப்ரொஜெக்டர், 500 இடியம், அதாவது மரபுத்தொடர், அடங்கிய ஒரு புத்தகம். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் ஒரு வரித் தமிழ். அங்கேயும் 'ஜம்ப் த கன்' எதிரே 'அவசரப்படுதல்' என்றே இருந்தது. அதற்கு நாலு வரி கீழே 'ஹேஸ்ட் மேக்ஸ் வேஸ்ட்' எதிரேயும் அவசரம், 'ரஷ் இன்டு' எதிரேயும் அவசரம். எல்லாமே அவசரம் என்றால் எதற்கு இத்தனை? கேட்டேன். "எல்லாம் சேம் மீனிங்தான் மேடம், மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்றார்கள். நாலாவது நாள் நின்றுவிட்டேன். கட்டின பணம் திரும்பி வரவில்லை. அப்புறம் எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கிற க்யூசி அக்காதான் சாரைப் பற்றிச் சொன்னார். அவருடைய தம்பி பள்ளியில் சாரிடம் படித்தவராம்.

மூன்றாவது ஞாயிறு நடந்ததைச் சொன்னால் வகுப்பு எப்படி என்பது விளங்கிவிடும். அன்றைக்கு 17 பேர் இருந்தோம். கப்பல் ஏஜென்சியில் வேலை செய்கிற இரண்டு பையன்கள், சி.ஏ. ஆர்ட்டிகிள் போகிற ஒரு பெண், ஒரு நர்ஸ், ஸ்டோர்ஸ் பார்க்கிற ஒரு பெரியவர், மற்றபடி என்னைப் போல பனியன் கம்பெனிக்காரர்கள். ஒவ்வொருவரும் தங்களைக் குழப்பிய ஒரு வாக்கியத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது சாரின் வழக்கம். நான் என் இரண்டு மெயிலையும் பிரின்ட் எடுத்துப் போயிருந்தேன். படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கிளாப்பரை எடுத்துவந்தார். இரண்டு மரப்பலகையைக் கீலால் இணைத்து, பின்னால் கைப்பிடி வைத்தது. சேர்த்து அடித்தால் பட்டாசு மாதிரி சத்தம் வரும். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பல வருடம் ஸ்டார்ட்டராக நின்றவராம். பலகையின் ஓரத்தில் வெள்ளை பெயின்ட் உதிர்ந்து, கைபட்ட இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது. "எல்லாரும் மேல வாங்க" என்றார்.

மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ஐந்து பேரை அதன் பின்னால் நிறுத்தினார். "ஆன் யுவர் மார்க்ஸ்." எல்லோரும் குனிந்தோம். "செட்." அப்புறம் சத்தமே இல்லை. கிளாப்பரைத் தலைக்கு மேலே தூக்கியபடி அப்படியே நிற்கிறார். இரண்டு நொடிதான் இருக்கும், பத்து நிமிஷம் போலிருந்தது. கப்பல் ஏஜென்சிப் பையன் ஒருவன் பொறுக்க மாட்டாமல் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு அடித்தார். "இதுதானுங்க ஜம்ப் த கன். துப்பாக்கி வெடிக்கறதுக்கு முன்னாடி குதிச்சது."

இது எனக்கும் ஓரளவு தெரிந்த கதைதான். அடுத்து செய்ததுதான் விஷயம். ஸ்டோர்ஸ் பெரியவரைக் கோட்டில் நிறுத்தி, "ஐயா, நீங்க ஓட வேண்டாம். நான் அடிக்கறதுக்கு முன்னாடி மெதுவா நடந்து போங்க, கோயிலுக்குப் போற மாதிரி" என்றார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக நாலு அடி நடந்தார். பிறகு சார் அடித்தார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு நர்ஸ் பெண்ணை விழுந்தடித்து ஓடச் சொன்னார். அவர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போல ஓடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பினார்.

"யார் அவசரப்பட்டாங்க?" நர்ஸ் என்றோம். "யாரு ஜம்ப் த கன்?" யாரும் உடனே பேசவில்லை. பெரியவர்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அந்தச் சொற்றொடர் வேகத்தைப் பற்றியதே இல்லை. உத்தரவு வந்ததா, வருவதற்கு முன்பா, அது மட்டும்தான் கேள்வி. மெதுவாகவும் யோசித்தும் முந்தலாம். நான் அப்படித்தான் செய்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை நான் பதறவே இல்லை. மெயிலை மூன்று முறை படித்தேன், டிக்‌ஷனரி பார்த்தேன், டையிங் மாஸ்டரிடம் அளவெல்லாம் சரிபார்த்தேன். அவ்வளவு நிதானமாக, சத்தம் கேட்பதற்கு முன்னால் கோட்டைத் தாண்டியிருந்தேன்.

கீழே இறங்கி வந்ததும் தன் போனில் 2011ஆம் வருடம் ஆகஸ்ட் 28, தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டி 100 மீட்டர் இறுதி ஓட்டத்தைக் காட்டினார். உசைன் போல்ட் துப்பாக்கிக்கு முன்பே கிளம்பிவிடுகிறார். கிளம்பிய அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிடுகிறது, பனியனைக் கழற்றிவிடுகிறார். அத்தோடு அவர் ஓட்டம் முடிந்தது. அவருடைய நாட்டுக்காரரான யோஹான் பிளேக் 9.92 நொடியில் ஜெயித்தார். முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு முறை மன்னிப்பு இருந்தது. 2003இல் அதை மொத்த ஓட்டத்துக்கும் சேர்த்து ஒரே முறை என்று குறைத்தார்கள். 2010 ஜனவரியிலிருந்து அதுவும் கிடையாது, முதல் தப்பிலேயே வெளியே போக வேண்டியதுதான். உலகத்திலேயே வேகமான மனிதருக்கும் அதே விதி.

இன்னொன்றும் சொன்னார், அதை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கி வெடித்த பிறகு ஓடினாலும் சில சமயம் தப்புதான். காது கேட்டு, மூளைக்குப் போய், கால் நகர்வதற்குக் குறைந்தது 0.100 நொடியாவது ஆகும் என்று விதியில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் கால் அழுத்தினால், நீ கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினாய் என்று அர்த்தம். 2022இல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவான் ஆலன் என்ற வீரரை 0.099 நொடிக்காக வெளியே அனுப்பினார்கள். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது நியாயமா என்று வகுப்பில் பெரிய வாதமே நடந்தது. எனக்கு அந்த மனிதருக்காக மனசு கஷ்டமாக இருந்தது. அதே நேரம் ஊகித்து ஓடுவது என்ற அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. 'பி நன்றாக இருக்கிறது' என்பதைக் கேட்டு, அடுத்து 'ஓகே' வரும் என்று ஊகித்துத்தான் நான் லோடு ஏற்றச் சொன்னேன்.

கப்பல் ஏஜென்சிப் பையன், துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு முதலில் கேட்குமே சார் என்று கேட்டான். நல்ல கேள்வி. ஒரு ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர். எட்டாவது பாதைக்குச் சத்தம் போய்ச் சேர நொடியில் சுமார் 40இல் ஒரு பங்கு கூடுதலாகும். அதற்காகத்தான் ஒவ்வொரு ஓட்டக்காரரின் ஸ்டார்ட்டிங் பிளாக்குக்குப் பின்னாலும் தனித்தனி ஸ்பீக்கர் வைத்துவிட்டார்கள். உத்தரவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கேட்க வேண்டும் என்பதற்காக இத்தனை ஏற்பாடு. இடியம் சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் இதெல்லாம் தேவையா என்று சிலர் நினைக்கலாம். எனக்குத் தேவையாக இருந்தது. அந்தச் சொற்றொடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஓட்டப் பந்தயத்தில் பிறந்தது. பிறந்த இடத்தைப் பார்த்த பிறகு அதன் பொருள் எனக்கு மறக்கவில்லை.

'ஜம்ப்' என்பதில் எனக்கிருந்த குழப்பத்தையும் ஒரே உதாரணத்தில் தீர்த்தார். துப்பாக்கி மேல் எதற்காகக் குதிக்க வேண்டும் என்று பள்ளியிலிருந்தே யோசித்திருக்கிறேன். "சிக்னல் ஜம்ப் பண்ணிட்டான்னு சொல்றோமில்லீங்க, அந்த ஜம்ப்தான் இது" என்றார். புஷ்பா தியேட்டர் ரவுண்டானா பக்கமோ அவிநாசி ரோட்டிலோ சிக்னலில் நின்றவர்களுக்குத் தெரியும். சிவப்பில் இன்னும் மூன்று நொடி பாக்கி என்று காட்டும்போதே வண்டிகள் இஞ்ச் இஞ்சாக நகர ஆரம்பிக்கும். வேகம் ஒன்றும் இல்லை, பச்சை விழவில்லை அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு என்ன என்று ஒரு மணி நேரம் பேசினோம். எனக்கு மிகவும் பிடித்த மணி நேரம் அதுதான். சி.ஏ. பெண் 'முந்திரிக்கொட்டை' என்றாள். பழத்துக்கு வெளியே கொட்டை நீட்டிக்கொண்டிருப்பதை வைத்து நம் ஆட்கள் சொன்ன அழகான வார்த்தை, பொருளும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது ஒரு ஆளின் குணத்தைச் சொல்லித் திட்டுவது, ஒரு காரியத்தைச் சொல்வதில்லை என்று சார் பிரித்துக் காட்டினார். மேலதிகாரிக்கு 'நான் முந்திரிக்கொட்டையாக இருக்க விரும்பவில்லை' என்று யாரும் எழுத மாட்டோம். 'பதறாத காரியம் சிதறாது' என்பதை ஒருவர் சொன்னார். அது 'ஹேஸ்ட் மேக்ஸ் வேஸ்ட்' பக்கம் போய்விடும், அங்கே பேச்சு பதற்றத்தைப் பற்றியது. 'எடுத்தேன் கவிழ்த்தேன்' என்பதில் யோசிக்காத தன்மைதான் முன்னால் நிற்கிறது. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்றதும், அதில் ஆத்திரம் என்றால் கோபம்தானே என்று நர்ஸ் கேட்டார். ஆத்திரத்துக்கு அவசரம் என்றும் பொருள் உண்டு, 'ஆத்திர அவசரத்துக்கு' என்று இன்றைக்கும் சேர்த்தேதான் சொல்கிறோம் என்று சார் சொன்னபோது எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது. தினமும் வாயில் வருகிற வார்த்தை, ஒரு நாளும் கவனித்ததில்லை.

கடைசியில் ஸ்டோர்ஸ் பெரியவர்தான் சொன்னார். "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலைம்பாங்களே, அது வருங்களா சார்?" சார் மேஜையைத் தட்டினார். அடுப்பில் வேகும் வரை காத்திருந்தவன், ஆறுவதற்குள் கையை வைத்துச் சுட்டுக்கொள்கிறான். அவன் சோம்பேறியும் இல்லை, அவசரக்காரனும் இல்லை. இவ்வளவு நேரம் பொறுத்தவன்தான். கடைசிக் கட்டம் ஒன்று பாக்கியிருக்கும்போது முந்திவிட்டான். என் 380 கிலோ நேவிக்கு இதைவிடப் பொருத்தமாக எதையும் சொல்ல முடியாது. யார்ன் வாங்கி, நிட்டிங் முடித்து, லேப் டிப் அனுப்பி, ஒரு மாதம் பொறுத்தோம், ஒரு திங்கட்கிழமைக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் என் மெயிலுக்கு வந்தார். "ஐ டோன்ட் வான்ட் டு ஜம்ப் த கன், பட்..." என்று ஒரு இங்கிலீஷ்காரர் ஆரம்பித்தால், அதற்குப் பின்னால் வருவது அவருடைய ஆசை, உத்தரவு இல்லை. 'முறையான முடிவு இன்னும் வரவில்லை, அதைச் சொல்லும் இடத்தில் நானும் இல்லை, ஆனாலும் என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்' என்று வேலி போட்டுக்கொண்டு பேசுவது அது. வேலியை விட்டுவிட்டு, உள்ளே இருந்த 'நன்றாக இருக்கிறது' என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கும் நிறம் பிடித்துத்தான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

'வி' என்ற வார்த்தைக்கு சார் கொடுத்த விளக்கத்துக்காக மட்டுமே 2,500 ரூபாய் கொடுக்கலாம். தமிழில் நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'வி'தான். நான் அதை 'நாங்கள் முந்திவிட்டோம்' என்று படித்தேன். அவர் எழுதியது 'நாம் முந்திவிட்டோம் போல'. அந்த 'நாம்' எப்படிப்பட்டது என்பதற்கு சார் சொன்ன உதாரணம்: டாக்டர் நம்மிடம், "என்ன, நாம மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலை போலிருக்கே" என்று கேட்கிறாரே, அது. டாக்டரா சாப்பிடவில்லை? குற்றத்தை நேராக வைக்காமல் கொஞ்சம் தன் பக்கமும் இழுத்துக்கொண்டு மரியாதையாகச் சொல்வது. அதற்கு நான் 'பரவாயில்லை, ஒன்றும் பிரச்சனையில்லை' என்று எழுதியிருக்கிறேன். படித்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் முகம் சுருங்குகிறது. சார் ஒன்றும் சொல்லாமல், "அன்னிக்கு என்ன எழுதியிருக்கணும்னு இப்ப எழுது அம்மிணி" என்று ஒரு தாளைக் கொடுத்தார். எழுதினேன். மூன்று வார்த்தையை அடித்துத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாள் என் ஆபீஸ் டிராயரில் இருக்கிறது.

மற்ற உபயோகங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த விஷயத்தில் முந்தினோம் என்று சொல்ல 'ஆன்' போட வேண்டும்: ஜம்ப் த கன் ஆன் கட்டிங். 'ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ்' என்பது வேறு, அதில் மனம்தான் முந்துகிறது, கை முந்துவதில்லை. 'ஹோல்ட் யுவர் ஹார்சஸ்' என்பதை நண்பரிடம் சொல்லலாம், பையருக்கு எழுதக் கூடாது. 'ஜம்ப் த கன்' கொஞ்சம் பேச்சுவழக்குதான், ஆனாலும் ஆபீஸ் மெயிலில் தாராளமாகப் புழங்குகிறது. சட்டத்தில்கூட வந்துவிட்டது என்று சி.ஏ. பெண் சொன்னாள். இரண்டு கம்பெனிகள் இணைவதற்குப் போட்டி ஆணையம் அனுமதி கொடுப்பதற்கு முன்பே ஒன்றாக நடந்துகொள்ளத் தொடங்கினால், அதற்கு 'கன் ஜம்பிங்' என்றே பெயராம். 2018இல் ஐரோப்பிய ஆணையம் அல்டிஸ் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனிக்கு இதற்காக 12.45 கோடி யூரோ அபராதம் போட்டிருக்கிறது. அதைக் கேட்டபோது என் எம்.டி. சார் எனக்குக் காட்டிய பொறுமை நினைவுக்கு வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். உச்சரிப்பை சார் அவ்வளவாகத் திருத்துவதில்லை. நேர்முகத் தேர்வுக்கோ வெளிநாடு போகும் பரீட்சைக்கோ தயாராகிறவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது, சர்டிஃபிகேட்டும் கிடையாது. நோட்ஸ் தர மாட்டார், நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் அது போனதுதான். 10 மணி வகுப்பு 12.30க்கு முடியும் என்பார், ஒரு வாக்கியம் சூடுபிடித்துவிட்டால் ஒன்றரை ஆகும். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அது பெரிய கஷ்டம், இரண்டு பெண்கள் அதனாலேயே நின்றுவிட்டார்கள். மாடிப்படி குறுகலானது, கைப்பிடி ஒரு பக்கம்தான். ஸ்டோர்ஸ் பெரியவரை ஒவ்வொரு வாரமும் யாராவது பிடித்துக் கூட்டிப் போனோம். இங்கிலீஷ் ஆரம்பத்திலிருந்து கற்க வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் திணறலாகத்தான் இருக்கும். அவர்களுக்குத் தனி பேட்ச் வைக்க வேண்டும் என்று சாரிடமே சொல்லியிருக்கிறேன்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தும், என்னிடம் கேட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஒரு சொற்றொடருக்காக மொட்டை மாடி ஏறி, ஒரு பெரியவரை நடக்கவைத்துக் காட்டிய வாத்தியாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு கோரல் நிற ஆர்டரில் அதே லண்டன் பெண், "ஐ திங்க் வி ஆர் நியர்லி தேர்" என்று எழுதினார். டையிங் மாஸ்டர் வழக்கம்போலப் போனில் இருந்தார், மெஷின் காலி என்றார். "அண்ணா, கலர் டீம் சொல்லட்டும், இன்னும் அடிக்கலை" என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, "என்னுங்க அடிக்கலை?" என்று கேட்டார். புதன்கிழமை கலர் டீமிடமிருந்து 'அப்ரூவ்ட் ஃபார் பல்க்' என்று டி65, டிஎல்84 இரண்டு ரீடிங்கோடும் மெயில் வந்தது. அன்று ராத்திரி லோடு ஏறியது.

அடுத்த பேட்ச் பொங்கல் முடிந்து ஆரம்பிக்கிறது என்று சார் சொன்னார். 20 பேருக்கு மேல் சேர்க்க மாட்டார், அறையில் இடமில்லை. சேருகிறவர்கள் ஒரு நீளமான நோட்டும், உங்களைக் குழப்பிய ஒரு மெயிலோ மெசேஜோ பிரின்ட் எடுத்தும் கொண்டுபோங்கள். கம்பெனி பெயர், ஆள் பெயரைக் கறுப்பு மார்க்கரால் அடித்துவிடுங்கள். வண்டியைச் சந்து முனையிலேயே நிறுத்திவிடுவது நல்லது, உள்ளே திருப்ப முடியாது.